பழைய பீடிங், புது ரூட்டர் பிட்: வடிவம் ஒட்டாதபோது எங்கே பார்ப்பது

மலேசியாவின் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் மிச்சமிருக்கும் துரை பங்களாக்கள், கிராணி வீடுகள், பட்டணத்துப் பழைய கடை வீடுகள் இவற்றின் கதவு நிலையைச் சுற்றியும் சுவரடியிலும் ஓடும் மர பீடிங் (வடிவம் வெட்டிய விளிம்புப் பட்டை), இன்று ஹார்ட்வேர் கடையில் கட்டாகக் கிடைக்கும் பீடிங்கோடு சேராது. கரையான் தின்ற நாலு அடியை மட்டும் மாற்றுவதென்றாலும் அதே வடிவத்தைப் புதிதாக வெட்டித்தான் ஆக வேண்டும். அதற்கென்று ஒரு ரூட்டர் பிட்டை, அதாவது ரூட்டர் இயந்திரத்தில் மாட்டிச் சுழன்று வடிவம் வெட்டும் பல்லை, சொல்லிச் செய்து வாங்கி ஓட்டிப் பார்த்த பிறகு, பழையதோடு வைத்தால் எங்கோ ஒரு மில்லிமீட்டர் உதைக்கும். பழி உடனே பிட் மேல் விழும். ஆனால் கோளாறு பெரும்பாலும் அதற்கு முன்பே, பழைய வடிவத்தை அளந்து எடுத்த இடத்திலேயே தொடங்கியிருக்கும். அதனால்தான் எந்த அறிகுறியைத் துரத்துவதற்கும் முன்னால் மாதிரித் துண்டைச் சரிபார்க்கச் சொல்கிறோம். அது பிசகியிருந்தால் கீழே உள்ள எந்த வைத்தியமும் பலிக்காது.

மாதிரித் துண்டு

பீடிங்கைக் கழற்ற முடிந்தால், அலமாரிக்குப் பின்னாலோ ஸ்டோர் அறையிலோ கண்ணில் படாத இடத்திலிருந்து ஒரு சாண் நீளம் எடுத்து, அதிலிருந்து 10 மி.மீ. தடிமனில் ஒரு குறுக்கு வெட்டுத் துண்டு போடுங்கள். ரம்பம் மிகச் சரியாக 90 டிகிரியில் நிற்க வேண்டும். 10 டிகிரி சாய்ந்தால் 100 மி.மீ. அகலம் 101.5 ஆக நீண்டுவிடும். வெட்டிய முகத்தை 180, பிறகு 240 உப்புத்தாளில் தேய்த்தால் விளிம்பு கத்தி முனைபோல் தெளிவாகத் தெரியும்.

கழற்ற முடியாவிட்டால், கெட்ட பகுதியை எந்த இடத்தில் அறுத்து எடுக்கப் போகிறீர்களோ, அதே இடத்தில் மெல்லிய ரம்பத்தால் சுவர்வரை ஒரு கீறல் போடுங்கள். அந்த இடுக்கில் ஒரு தகட்டையோ கெட்டி பிளாஸ்டிக் தாளையோ செருகி, கூரான ஊசியால் வடிவத்தைக் கீறி எடுக்கலாம். எப்படியும் அறுக்க வேண்டிய இடம் என்பதால் பழைய மரத்துக்குச் சேதம் இல்லை.

ஊசி வரிசை உள்ள கான்டூர் கேஜை இந்த வேலைக்கு நம்பக் கூடாது. அதன் ஊசிகள் ஏறக்குறைய 1 மி.மீ. தடிமன். இரண்டு வளைவுக்கு நடுவில் வரும் சின்னப் படிகளையும் கூர்மையான காடிகளையும் அது மழுக்கிக் காட்டும். பெயின்ட்டுக்கு மேலேயே அழுத்தினால் இன்னும் மோசம். பல தடவை பூசிய பழைய பீடிங்கில், பெயின்ட் மேடான இடத்தில் மெலிந்தும் பள்ளத்தில் தடித்தும் இருக்கும். அந்த மேலோட்டை அளந்து பிட் செய்தால், மரத்தின் வடிவம் அல்ல, பெயின்ட்டின் வடிவம்தான் கிடைக்கும்.

பெயின்ட்டை எடுக்கும்போது கவனம் தேவை. பழைய கட்டடத்துப் பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. காய்ந்த நிலையில் உப்புத்தாள் போடுவதும், ஹீட் கன்னை உச்ச சூட்டில் வைப்பதும் வேண்டாம். பெயின்ட் ரிமூவர் தடவி, ஈரத்தோடு சுரண்டி, சுரண்டியதைச் செய்தித்தாளில் மடித்துக் கட்டிவிடுங்கள். பிள்ளைகள் நடமாடும் இடத்தில் இந்த வேலை கூடாது.

துண்டை ஃபிளாட்பெட் ஸ்கேனரில் 600 டிபிஐயில், பக்கத்தில் ஒரு எஃகு அடிக்கோல் வைத்து எடுக்கவும். கைப்பேசிப் படத்தில் ஓரங்கள் வளையும். அளவுகளை எழுதும்போது, ஆங்கிலேயர் காலத்து பீடிங் அங்குலக் கணக்கில் வரையப்பட்டது என்பதை மறக்க வேண்டாம். ஓரிடத்தில் 22.4, இன்னோரிடத்தில் 21.9 என்று வந்தால், ஆசாரி நினைத்தது 7/8 அங்குலம், அதாவது 22.2. மூன்று இடங்களில் துண்டு எடுத்து, பதினாறில் ஒரு பங்கு அங்குலத்துக்கு (1.59 மி.மீ.) எது கிட்ட வருகிறதோ அதை மூல அளவாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் புதுத் துண்டு உட்காரப்போவது ஒரே ஒரு கதவுக்கு என்றால், மூல அளவை விடுங்கள். பக்கத்தில் நிற்கும் பழைய துண்டின் அளவுதான் சட்டம்.

ஒட்டுகிறதா என்று பார்க்க: புது மரத்திலும் 10 மி.மீ. துண்டு வெட்டி, பழைய துண்டின் வெட்டு முகத்தோடு ஒட்டி, இரண்டின் முதுகும் பதியும்படி தட்டையான கண்ணாடி மேல் நிறுத்தி, பின்னாலிருந்து டார்ச் அடியுங்கள். இரண்டின் விளிம்பும் ஒன்றாக ஓடாத இடத்தில் வெளிச்சக் கோடு உடையும். விரலால் தடவிப் பார்ப்பதைவிட இது நம்பகமானது.

அறிகுறி: அகலம் சரி, ஆழம் குறைகிறது; வளைவெல்லாம் சற்றுத் தட்டையாக விழுகிறது

இது பிட் செய்தவர் கணக்கில் விடும் பிழை. கண்ணுக்குப் பிட் மிகச் சரியாகவே தோன்றும். மாதிரித் துண்டைப் பல்லின் முகத்தில் வைத்துப் பார்த்தால் அச்சுப் பிசகாமல் பொருந்தும். மரத்தில் ஓட்டினால் மட்டும் மேடு குறைந்து வரும்.

காரணம் பல்லின் முன்சாய்வு. பல்லின் முகம் சுழல் மையத்தை நோக்கி நேராக நிற்பதில்லை. மரத்தைச் சீவ வேண்டும் என்பதற்காக 10 முதல் 20 டிகிரி சாய்ந்திருக்கும். சாய்ந்த முகத்தில் உள்ள நீளமும் மரத்தில் விழும் ஆழமும் ஒன்றல்ல. 40 மி.மீ. விட்டம், 15 டிகிரி சாய்வு உள்ள பிட்டை எடுத்துக்கொள்வோம். முகம் மையக் கோட்டிலிருந்து 20 × சைன் 15 = 5.18 மி.மீ. விலகி நிற்கிறது. மரத்தில் 10 மி.மீ. ஆழம் வேண்டுமென்றால், பல்லின் முகத்தில் 10.76 மி.மீ. இருக்க வேண்டும். முகத்திலும் 10 என்றே தீட்டியிருந்தால் மரத்தில் கிடைப்பது ஏறக்குறைய 9.3. ஏறக்குறைய 0.7 மில்லிமீட்டர் அப்படித்தான் காணாமல் போகிறது. ரூட்டரில் மாட்டும் தண்டு ஓடும் திசையில், அதாவது பிட்டின் உயரவாக்கில், இந்தச் சுருக்கம் இல்லை. ஒரு பக்க அளவு சரியாகவும் மறுபக்கம் குறைவாகவும் வருவது அதனால்தான்.

ஆழம் எந்த அளவுக்குக் குறைகிறதோ, சோதனைத் துண்டில் மேட்டுக்கு மேடு அளந்து எழுதுங்கள். ஆழமான இடத்தில் பிசகு கூடுதலாகவும், மேலே குறைவாகவும் இருந்தால் சாய்வுக் கணக்குத்தான் தப்பு. பிட்டைத் தீட்டியவரிடம் திருப்பிக் கொடுத்து, மரத்து அளவு எது, முகத்து அளவு எது என்று இரண்டையும் எழுதிக் கொடுத்துத் திருத்தச் சொல்ல வேண்டும். எல்லா இடத்திலும் பிசகு ஒரே அளவென்றால் பிட்டில் குற்றமில்லை. ஃபென்ஸை (மரத்தை அணைத்து ஓட்டும் வழிகாட்டிப் பலகையை) அந்த அளவுக்குப் பின்னால் தள்ளினால் போதும். பிட்டைத் திருப்பிக் கொடுக்கும் முன் இந்த ஒரு சோதனையைச் செய்யாதவர்கள்தான் ஈப்போவுக்கு வீணாக அலைகிறார்கள்.

புதிதாக ஆர்டர் கொடுக்கும்போது: படத்தில் இருப்பது மரத்தின் வடிவம், பல்லின் வடிவமல்ல என்று பெரிதாக எழுதுங்கள். தண்டு விட்டம், வெட்டும் உயரம், சாய்வு (மெராந்தி மரத்துக்கு 10 டிகிரி போதும்), எந்த மரம், டேபிளில் (ரூட்டரை அடியில் பொருத்திய மேசையில்) பீடிங் படுத்து ஓடுமா நின்று ஓடுமா என்பதையும் சேர்க்கவும். விட்டக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்: வடிவத்தின் ஆழம் 16 மி.மீ., கழுத்து 12.7 மி.மீ. என்றால் பிட் 16 + 16 + 12.7 = 44.7 மி.மீ. விட்டம் ஆகும். இவ்வளவு பெரிய பிட்டைக் கையில் பிடித்து ஓட்டக் கூடாது. டேபிளில் மட்டும்தான்.

வடிவத்தில் உள்நோக்கிக் குடையும் பகுதி இருந்தால் எந்த ஒற்றைப் பிட்டாலும் அது வராது. அந்தப் பகுதியை மட்டும் பிரித்து, மரத்தைச் சாய்த்து இரண்டாவது ஓட்டத்தில் எடுக்கவும். இன்னொன்று: வடிவம் ஒரு கால்வட்டம், ஒரு படி, ஒரு குழிவு என்று பிரிந்து நின்றால், கடையில் கிடைக்கும் மூன்று சாதாரண பிட்களை மாற்றி மாற்றி ஓட்டியே அதைக் கொண்டுவரலாம். பத்து அடி பீடிங்குக்காகத் தனிப் பிட் செய்வது வீண் செலவு.

அறிகுறி: கூரான முனைகள் உருண்டு வருகின்றன

மாதிரியில் கூர்மை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அங்கே இருந்து மரத்தில் இல்லையென்றால், தீட்டும் சக்கரத்தின் எல்லை அது. மரத்தில் வெளிமுனையாக வருவது பல்லில் உள்மூலை. சக்கரத்தின் விளிம்பு எவ்வளவு உருண்டிருக்கிறதோ அதைவிடக் கூர்மையான உள்மூலையைத் தீட்ட முடியாது. அந்த முனையில் கொஞ்சம் மரத்தை விட்டு வெட்டி, சின்ன இழைப்புளியால் இரண்டு இழுப்பு இழுத்து முடிப்பதே வழி. மரத்தின் உள்மூலை உருண்டால் கதை வேறு: பல்லின் முனை தேய்ந்துவிட்டது.

அறிகுறி: துண்டாக வைத்தால் ஒட்டுகிறது, சுவரில் வைத்தால் படி தெரிகிறது

வடிவத்தில் குறையில்லை. மரம் அசைந்திருக்கிறது. மரக்கடையிலிருந்து நேரே வந்த பலகை ஈரம் அதிகம்; சுவரில் பல காலமாக நிற்கும் பீடிங் அந்த அறைக் காற்றோடு ஒத்துப்போய் உட்கார்ந்துவிட்டது. நம் ஊர்க் காற்றில், நிழலில் வைத்த மரத்தின் ஈரப்பதம் சுமாராக 15 சதவீதத்தில் நிற்கும். ஏர்கான் ஓடும் அறையில் அதைவிடக் கீழே போகும். 4 சதவீதம் இறங்கினால் 100 மி.மீ. அகல மெராந்திப் பலகை ஒரு மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கும். முதல் நாள் சரியாக ஒட்டியது இரண்டு மாதத்தில் படியாகத் தெரிவது இதனால்தான்.

பலகையைக் கொஞ்சம் பெரிதாக அறுத்து, நடுநடுவே குச்சி வைத்து, பொருத்தப்போகும் அறையிலேயே இரண்டு மூன்று வாரம் அடுக்கி வையுங்கள். ஈரமானி இருந்தால் பழைய பீடிங்கையும் புதுப் பலகையையும் குத்திப் பாருங்கள். இரண்டும் 2 சதவீதத்துக்குள் வந்த பிறகே ரூட்டரைத் தொட வேண்டும். அவசரம் என்று ஈரப் பலகையில் வடிவத்தை வெட்டிவிட்டால், பிறகு எந்தச் சரிக்கட்டலும் நிற்காது.

மரம் காய்ந்தும் படி இருந்தால் பின்பக்கத்தைப் பாருங்கள். பழைய பீடிங்குகளின் முதுகில் ஆழமில்லாத ஒரு பள்ளம் ஓடும். சாந்துப் பூச்சின் மேடுபள்ளத்தில் பீடிங் தத்தளிக்காமல் இரண்டு ஓரத்திலும் பதிய அதுதான் உதவுகிறது. புதியதிலும் முதுகில் 1.5 முதல் 2 மி.மீ. பள்ளம் எடுத்துவிடுங்கள்.

அறிகுறி: மரம் கருகுகிறது

கருகல் எங்கும் பரவலாக இருந்தால் வேகமும் தள்ளும் விதமும் காரணம். 25 மி.மீ. வரை உள்ள பிட்டை நிமிடத்துக்கு 24,000 சுற்றிலும், 50 மி.மீ. வரை 18,000 சுற்றிலும், 65 மி.மீ. வரை 16,000 சுற்றிலும் ஓட்டலாம். அதற்கு மேல் 12,000. இது கருகலுக்காக மட்டுமல்ல, உயிர்ப் பாதுகாப்புக்கும் உச்ச வரம்பு. மரத்தை விநாடிக்கு 5 செ.மீ. போல நிற்காமல் தள்ளுங்கள். கை மாற்றும்போது ஒரு நொடி நின்றாலும் ரப்பர் மரத்தில் பழுப்புக் கோடு விழும். அதன் வெளிர் நிறத்தில் எந்தக் கருகலும் மறையாது. கடைசி ஓட்டத்துக்கு 0.5 முதல் 0.8 மி.மீ. விட்டு வைக்கவும். அதற்கும் குறைவாக விட்டால் பல் சீவாமல் தேய்த்துக்கொண்டு போகும், அதுவும் கருகும்.

கருகல் எப்போதும் வடிவத்தின் ஒரே படியில், ஒரே கோடாக விழுந்தால் வேகத்தை மாற்றி மாற்றிப் பார்க்காதீர்கள். பல்லின் பக்கவாட்டில் அந்தப் படியில் விலக்கம் இல்லை. தண்டுக்குக் குறுக்காக வெட்டும் படிகளில் பல்லின் பக்கமும் மரத்தைத் தொடும். அங்கே 2, 3 டிகிரி பின்வாங்கித் தீட்டியிருக்க வேண்டும். தீட்டும் பட்டறையில் சில நிமிட வேலை.

அறிகுறி: குறுக்கே அலை அலையாகத் தழும்பு

அலைகளின் இடைவெளியை அளந்தால் காரணம் தெரிந்துவிடும். 18,000 சுற்று, நிமிடத்துக்கு 3 மீட்டர் தள்ளல், ஒரே பல் மட்டும் தழும்பு விடுகிறது என்று வைத்தாலும் தழும்புக்குத் தழும்பு 0.17 மி.மீ.தான். அது கண்ணுக்கு அலையாகத் தெரியாது. ஆகவே 2, 3 மி.மீ. இடைவெளியில் அலை தெரிந்தால் அது பல்லின் தழும்பே அல்ல. மரமோ டேபிளோ அதிர்கிறது. மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் சீப்புப் பலகை வைத்து மரத்தை அழுத்துங்கள். பிட்டைத் தேவைக்கு மேல் உயர்த்தாதீர்கள். ஒரே ஓட்டத்தில் முழு ஆழம் எடுக்காமல், முதலில் டேபிள் ரம்பத்தால் மூலையைச் சாய்வாக அறுத்துக் கழித்துவிட்டு, பிறகு மூன்று நாலு ஓட்டமாக ஃபென்ஸை நகர்த்துங்கள்.

இரு முனையிலும் மட்டும் பள்ளம் விழுந்தால், மரம் அழுத்தத்துக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் தலை ஆட்டுகிறது. தேவையான நீளத்தைவிட இரு பக்கமும் 150 மி.மீ. கூடுதலாக வெட்டிப் பிறகு அறுத்தெறியுங்கள்.

அறிகுறி: ஓட்ட ஓட்ட ஆழம் மாறுகிறது

உடனே சுவிட்சை அணையுங்கள். பிட் கோலெட்டிலிருந்து (தண்டைக் கவ்விப் பிடிக்கும் வளையத்திலிருந்து) நழுவுகிறது. நம் நாட்டில் இது அடிக்கடி நடக்கக் காரணம், சந்தையில் அங்குலமும் மில்லிமீட்டரும் கலந்து கிடப்பது. கால் அங்குலத் தண்டு 6.35 மி.மீ., அரை அங்குலம் 12.7 மி.மீ.; ஆனால் 6, 8, 12 மி.மீ. தண்டுகளும் கோலெட்டுகளும் அதே கடையில் தொங்குகின்றன. 12 மி.மீ. தண்டு அரை அங்குலக் கோலெட்டில் இறுகியதுபோல் கைக்குத் தோன்றும். சுமை ஏறியதும் நழுவும். தண்டை வெர்னியர் கேலிப்பரால் அளந்து, கோலெட்டில் பொறித்த எண்ணோடு ஒப்பிட்ட பிறகே மாட்டுங்கள்.

அளவு சரியென்றால் மாட்டிய விதத்தைப் பாருங்கள். தண்டை அடிவரை முட்டவிட்டு, 2, 3 மி.மீ. மேலே இழுத்த பிறகு இறுக்க வேண்டும். முட்டிக்கொண்டிருந்தால் கோலெட் கீழே இறங்கிக் கவ்வ இடமில்லை. குறைந்தது 20 மி.மீ. தண்டு உள்ளே இருக்கட்டும். கோலெட்டுக்குள் மரத்தூளும் பிசினும் ஒட்டியிருந்தால் பித்தளை பிரஷால் துடைக்கவும்.

அறிகுறி: நார் பிய்ந்து வருகிறது

மெராந்தியில் நார் ஒரு பட்டை இப்படியும் அடுத்த பட்டை அப்படியும் சாய்ந்து வளரும். எந்தப் பக்கம் தள்ளினாலும் ஒரு பட்டை எதிர்நாராகத்தான் இருக்கும். ரிப்பன்போல் மின்னும் முகம் கொண்ட பலகையில் இது மிக மோசம். பார்க்க அழகு என்று அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். குறைந்த சாய்வுள்ள பிட், மெல்லிய கடைசி ஓட்டம், தீட்டிய பல் மூன்றும் சேர்ந்தால் பெரும்பகுதி அடங்கும். மிச்சத்துக்கு 0.8 மி.மீ. எஃகுத் தகட்டை மாதிரித் துண்டின் எதிர்வடிவமாக அரம் போட்டு, சுரண்டியாக இழுங்கள். பிய்ந்த குழிக்கு மக்கு அப்புவதைவிட இது மேல்.

எதிர்த்திசையில் தள்ளினால் பிய்யாது என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். டேபிளில் மரம் வலமிருந்து இடமாகத்தான் போக வேண்டும். இந்த அளவு பெரிய பிட்டுக்கு எதிர்த்திசையில் கொடுத்தால் மரத்தைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகும், விரல் பின்னாலேயே போகும். ஃபென்ஸுக்கும் பிட்டுக்கும் நடுவில் மரத்தை ஓட்டுவதும் அதே ஆபத்து.

அறிகுறி: சில அடிக்குள்ளேயே பல் மழுங்குகிறது, அல்லது பிசின் அப்புகிறது

இது மரத்தின் குணம். காப்பூரிலும், நியாத்தோவின் சில வகைகளிலும் சிலிக்கா உண்டு. அதில் எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) பல் நிற்காது, கார்பைடுதான் வேண்டும். மெராந்தியில் கொஞ்ச நீளம் ஓட்டுவதென்றால் எச்.எஸ்.எஸ். போதும், தீட்டவும் சுலபம், கூர்மையும் அதிகம். செங்கால், மெர்பாவ், கெருயிங் இவற்றின் பிசின் பல்லின் முகத்தில் ஏறினால் கூர்மை இருந்தும் இல்லாததுபோல் கருகும். பேரிங்கை (மரத்தின் விளிம்பைத் தொட்டு ஓடும் வழிகாட்டி உருளையை) கழற்றிவிட்டு, பிட்டை மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பித்தளை பிரஷால் தேய்க்கவும். பேரிங்கோடு ஊறவைத்தால் உள்ளிருக்கும் கிரீஸ் கரைந்துபோகும்.

மெர்பாவிலும் காப்பூரிலும் வெட்டிய பிறகு நீலக்கறுப்புப் புள்ளி தோன்றினால், இரும்புத் தூள் ஈரத்தோடு சேர்ந்த கறை அது. அரம் போட்ட மேசையில் மரத்தை வைத்ததுதான் காரணம். ஸ்டீல் உல் பயன்படுத்தாதீர்கள், ஆணிக்கு ஸ்டெயின்லஸ் போடுங்கள். விழுந்த கறையை ஆக்சாலிக் அமிலக் கரைசல் தடவி எடுத்து, நல்ல தண்ணீரால் கழுவுங்கள். அது விஷம் என்பதால் கையுறை கட்டாயம்.

அறிகுறி: தீட்டிய பிறகு வடிவத்தில் ஒரு மெல்லிய விளிம்பு கூடுதலாக நிற்கிறது

தீட்டும்போது பல்லின் தட்டை முகத்தை மட்டும் வைரக் கல்லில் தேய்க்க வேண்டும், வளைந்த விளிம்பை அல்ல. இரண்டு பல்லுக்கும் தேய்க்கும் எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும். அப்படிச் செய்தாலும் முகம் 0.2 மி.மீ. தேய்ந்தால் வெட்டும் ஆரம் ஏறக்குறைய 0.05 மி.மீ. குறையும். பேரிங் மட்டும் பழைய அளவிலேயே இருப்பதால் அதன் ஓரத்தில் விளிம்பு நிற்கிறது. பலமுறை தீட்டிய பிட்டை பேரிங் நம்பி ஓட்டாமல், ஃபென்ஸ் வைத்து ஓட்டினால் அந்த விளிம்பு போய்விடும். ஒரு வீட்டுக்கான பீடிங் முழுவதையும் ஒரே தீட்டலில் வெட்டி முடித்து, இன்னும் 2 மீட்டர் கூடுதலாக வெட்டி அந்த வீட்டிலேயே மச்சில் போட்டு வையுங்கள்.